ஏலத்தில் விலையை முடிவு செய்வது இரண்டாவது ஆள்

2013 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு வெள்ளி நாணயம் 1,00,16,875 டாலருக்கு ஏலம் போனது. 1794-இல் அடித்த அமெரிக்க டாலர் அது. அந்த நாட்டு நாணயச்சாலை அடித்த முதல் வெள்ளி டாலரே இதுவாக இருக்கலாம் என்று சில நிபுணர்கள் நம்புகிறார்கள். அதுவரை எந்த நாணயமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2020 அக்டோபரில், அதே நாணயம் லாஸ் வேகாஸில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. விற்பவர் மனதில் வைத்திருந்த குறைந்தபட்ச விலையைக்கூட யாரும் எட்டவில்லை, நாணயம் விற்காமல் திரும்பிப் போனது.

இடைப்பட்ட காலத்தில் அது தேயவும் இல்லை, அதன் வரலாறு மாறவும் இல்லை. கொரோனா ஆண்டு என்பதைக் கொஞ்சம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அடிப்படைக் காரணம் எளிது: அந்த உயரத்தில் மோதிக்கொள்ள அன்று ஆட்கள் இல்லை.

நாணய ஏலச் செய்திகளில் எப்போதும் எடுத்தவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் யார், எவ்வளவு கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று. ஏலம் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் யோசித்தால், விலையை அவர் வைக்கவில்லை என்பது தெரியும். நீங்கள் ஒரு நாணயத்துக்கு ஒரு லட்சம் வரை போகத் தயாராக இருக்கிறீர்கள், உங்களுக்கு அடுத்தவர் முப்பதாயிரத்தில் நின்றுவிட்டார் என்றால் முப்பத்திரண்டாயிரத்துக்கு உங்களுக்குக் கிடைத்துவிடும். அடுத்தவர் தொண்ணூற்றைந்தாயிரம் வரை வந்தால் நீங்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் கொடுப்பீர்கள். அதே நாணயம், உங்கள் ஆசையும் அதே அளவு, விலை மட்டும் மூன்று மடங்கு. ஆக, சேகரிப்பாளராக ஏலத்துக்குப் போகிறவர் நாணயத்தைப் படிப்பதோடு நிறுத்தக்கூடாது, எதிரே உட்காரப்போகும் அந்த இரண்டாவது ஆளையும் படிக்க வேண்டும்.

அவர் பெரும்பாலும் இரண்டு வகையில் ஒருவர். முதல் வகை வியாபாரி. எடுத்ததை லாபம் வைத்து விற்க வேண்டும் என்பதால் அவர் மனதில் ஒரு கறாரான கோடு இருக்கும். அதைத் தாண்டி அநேகமாக வரமாட்டார். கடைசிவரை உங்களோடு மோதியவர் வியாபாரி என்றால் நீங்கள் கொடுத்தது மொத்த வியாபார விலைக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். கடையில் அதே நாணயத்தை அவரிடமே வாங்கியிருந்தால் இன்னும் அதிகம் கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது வகை, உங்களைப் போலவே ஒரு சேகரிப்பாளர், அதே வரிசையைச் சேர்ப்பவர், அவர் ஆல்பத்திலும் அதே இடம்தான் காலி. இவரிடம் கோடு கிடையாது. இருபது வருடம் காத்திருந்தவருக்கு இன்னும் ஒரு படி ஏறுவது பெரிய விஷயமாகத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அங்கேதான் விலை பைத்தியம் பிடித்து ஓடும். மறுநாள் செய்தியாவது இந்த மோதல்தான்.

அப்புறம் அந்த விலையே "சந்தை விலை" என்று எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பிக்கும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மோதிய இருவரில் ஒருவருக்கு நாணயம் கிடைத்துவிட்டது, அவருக்கு இனி இன்னொன்று தேவையில்லை. அடுத்த முறை அதே ரகம் ஏலத்துக்கு வரும்போது முன்பு தோற்றவர் முதல் ஆளாகிறார், விலையை வைக்கப்போவது அன்று மூன்றாவதாக நின்றவர், அவர் எங்கே நின்றார் என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஆயிரக்கணக்கில் புழங்கும் நாணயத்துக்கு இது பிரச்சினையே இல்லை, மாதாமாதம் பத்து விற்கும், சராசரி தெரிந்துவிடும். நாலைந்து மட்டுமே மிஞ்சியிருக்கும் நாணயத்துக்கு ஒரே ஒரு பழைய ஏல விலையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது மணல்மேல் சுவர் எழுப்புகிற கதை. பழைய முடிவுகளைப் பார்க்கும்போது விற்காமல் போன லாட்களையும், அதாவது ஒரே எண்ணின் கீழ் ஏலத்துக்கு வந்த நாணயங்களையும், தேடிப் பாருங்கள். பல நிறுவனங்கள் "கிடைத்த விலைகள்" பட்டியலில் அவற்றைச் சேர்ப்பதே இல்லை, கேட்லாக்கில் இருக்கும் எண் பட்டியலில் காணாமல் போயிருந்தால் அது விற்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அந்த விடுபட்ட எண்கள்தான் விற்ற விலைகளைவிட அதிகம் சொல்கின்றன.

சரி, கேட்லாக்கில் அச்சடித்திருக்கும் உத்தேச விலை? அது மதிப்பீடு என்பதைவிட அழைப்பிதழ் என்று எடுத்துக்கொள்வது நல்லது. குறைவாகப் போட்டால் நிறையப் பேர் வருவார்கள், வந்தவர்கள் மோதிக்கொள்வார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். விற்பவருக்கோ அந்த எண் பெரிதாக இருந்தால்தான் நாணயத்தைக் கொடுக்கவே மனம் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் பேரம் பேசி முடிவான எண்ணைத்தான் நாம் படிக்கிறோம். ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லியிருக்கும் தொகை, பெரும்பாலும் ரகசியம். அது உத்தேச விலையின் கீழ் எல்லையைத் தாண்டாது என்பது பொதுவான நடைமுறை.

ரிசர்வ் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நிபந்தனைகள் என்று கேட்லாக்கின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்குமே, அதைப் படித்தால் பல இடங்களில் ஒரு வரி தென்படும்: ரிசர்வ் தொகை வரும்வரை விற்பவர் சார்பில் ஏலம் நடத்துபவரே விலை கேட்கலாம் என்று. அதாவது நீங்கள் மும்முரமாக மோதிக்கொண்டிருக்கும் அந்த இரண்டாவது ஆள் விற்பவராகவே இருக்கலாம்! ரிசர்வ் வரைக்கும், நிபந்தனையில் சொல்லிவிட்டுச் செய்தால், பல நாடுகளில் இது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ரிசர்வைத் தாண்டியும் ஆள் வைத்து விலையை ஏற்றினால் அது மோசடி. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கஷ்டம். ஏலம் நடத்துபவர் யாரைப் பார்த்து விலைக் கேள்வியை வாங்குகிறார் என்று கவனித்தால் கொஞ்சம் பிடிபடும். சுவரையும் விளக்கையும் பார்த்து விலை ஏறிக்கொண்டிருந்தால் ரிசர்வ் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி கமிஷன். புதிதாக வருபவர்களுக்கு அதிர்ச்சி கொடுக்கும் இடம் இது. 2002 ஜூலையில் நியூயார்க்கில் 1933-ஆம் ஆண்டின் 20 டாலர் தங்க நாணயம் ஒன்று ஏலம் போனபோது அறிவித்த விலை 75,90,020 டாலர். ஏன் இப்படி ஒரு வினோதமான எண்? ஏலம் முடிந்ததாகச் சுத்தியல் விழுந்தது 66 லட்சத்தில். அதன்மேல் ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் தரவேண்டிய பிரீமியம் 15 சதவீதம், அது 9,90,000. மீதி 20 டாலர், அரசு அந்த நாணயத்தை அதுவரை வெளியிடவே இல்லை என்பதால் அதைச் சட்டபூர்வப் பணமாக்குவதற்கு அதன் முகமதிப்பையும் கட்டச் சொன்னார்கள். அந்த 20 டாலர் கதையை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள், 9,90,000-ஐப் பற்றிப் பேசமாட்டார்கள்.

வாங்குபவரிடமும் பிரீமியம் வசூலிக்கும் வழக்கத்தை லண்டனின் இரண்டு பெரிய ஏல நிறுவனங்களும் 1975-இல் கொண்டுவந்தன. அன்று 10 சதவீதம். இன்று நாணய ஏலங்களில் 20 சதவீதம் சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. அதனால் மனக்கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். எல்லாம் சேர்த்து 10,000 கொடுக்கலாம் என்று நினைத்தால், 20 சதவீத பிரீமியத்தில் நீங்கள் கையை இறக்க வேண்டிய இடம் 8,333. இணையத்தில் வேறொரு தளம் வழியாகக் கேட்டால் அந்தத் தளத்துக்கு இன்னும் சில சதவீதம். வரி, தபால், காப்பீடு, வேறு நாட்டிலிருந்து வந்தால் சுங்கம் என்று இன்னும் கொஞ்சம். இதையெல்லாம் முந்தைய நாளே ஒவ்வொரு லாட் எண்ணுக்குப் பக்கத்திலும் சுத்தியல் தொகையாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அரங்கில் வகுத்துப் பார்க்க நேரம் இருக்காது.

ஒரு சின்ன உள்விவகாரம்: பெரிய சேகரிப்பை விற்க வருபவரிடம் நிறுவனங்கள் கமிஷனே வாங்காமல் விடுவதும் உண்டு, சில சமயம் வாங்குபவர் கட்டும் பிரீமியத்திலேயே ஒரு பங்கை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. அந்த அளவுக்குச் சரக்குக்குப் போட்டி.

ஏலத்துக்கு முன்பு லாட்களைப் பார்வைக்கு வைக்கும் நாட்கள்தான், என்னைக் கேட்டால், இந்த முழு விஷயத்திலும் சேகரிப்பாளருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தரத்து நாணயங்களை மேசையில் வைத்து, விளக்கைப் போட்டு, உங்கள் கையில் கொடுப்பார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்தவர் புகைப்படங்களில் ஐந்து வருடம் படித்தவரைவிட அதிகம் கற்றுக்கொண்டிருப்பார்.

லாட் எண்களைச் சொன்னால் பெட்டியை எடுத்துவந்து கொடுப்பார்கள், ஒரு நேரத்தில் ஒரு நாணயம்தான் வெளியே இருக்க வேண்டும், விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், மெத்தென்ற தட்டுக்கு மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும், நாணயத்துக்கு நேரே வாயை வைத்துக்கொண்டு பேசக்கூடாது. ஊழியர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் துறையில் அதற்கு வரலாறு உண்டு. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 70 புள்ளி தர அளவுகோலை 1949-இல் உருவாக்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், பழைய செப்புச் சென்ட்களில் பெரிய புள்ளி. மிக மோசமான நிலையில் ஒரு டாலர் பெறுமானால் மிகச் சிறந்த நிலையில் 70 டாலர் பெறும் என்ற கணக்கில்தான் அந்த 70 வந்தது. அவர் இறந்த பிறகு தெரியவந்தது, அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தட்டுகளில் இருந்த நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கழகம் வழக்குப் போட்டுத்தான் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

கையில் வந்ததும் முதலில் லென்ஸ் வேண்டாம். ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சில் அடிபட்டபோது உலோகம் வெளிநோக்கிப் பாய்ந்ததால் உண்டான மெல்லிய வரிகளில்தான் அசல் பளபளப்பு பிறக்கிறது, அது இருக்கும் நாணயத்தில் ஒளிப்பட்டை ஒன்று நடுவிலிருந்து விளிம்புவரை சுழன்று ஓடும். தேய்த்துச் சுத்தம் செய்த நாணயமும் பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி செத்த வெளிச்சம், கூடவே ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள். கேட்லாக் படத்தில் இந்தக் கீறல்கள் தெரியாமல் போகலாம், வெளிச்சத்தின் கோணம் அப்படி. இதை ஒருவர் ஏமாற்றுவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, நிலையான படத்தால் காட்ட முடியாத விஷயம் இது. பிறகு 5 அல்லது 10 மடங்கு லென்ஸ் போதும், அதற்கு மேலே போனால் எந்த நாணயமும் அழகாகத் தெரியாது.

விளிம்பைத் தவறவிடாதீர்கள். தலையையும் பூவையும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு விளிம்பைப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. நகையாகக் கோத்துப் போட்டிருந்த நாணயத்தின் வளையத்தை அறுத்து அரத்தால் ராவிய தடம், ஓட்டையை அடைத்த இடம், வார்ப்புப் போலியின் இரு பாதிகள் சேரும் கோடு, எல்லாம் அங்கேதான் இருக்கும். பழங்கால நாணயங்களில் தேய்ந்த முடியையும் எழுத்தையும் ஊசி முனையால் மறுபடி செதுக்கி விடுவார்கள், பின்புலத்தை வழவழப்பாகச் சுரண்டி விடுவார்கள். சுற்றியிருக்கும் பரப்பு தேய்ந்திருக்க, தலைமுடி மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எடையைக் கேட்டு கேட்லாக்கில் உள்ள கிராமோடு ஒப்பிடுங்கள். பூப்பக்கம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்பதை 6 மணி, 12 மணி என்று கடிகார முள் கணக்கில் எழுதியிருப்பார்கள், குறிப்பிட்ட நாணயச்சாலை எப்போதும் ஒரே கோணத்தில் அடித்தது என்றால், மாறியிருப்பது ஒரு எச்சரிக்கை. செப்பு நாணயத்தில் பச்சைப் பிசுபிசுப்பு இருந்தால் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்கில் கிடந்திருக்கிறது என்று பொருள், உறையிலிருந்து கசியும் வேதிப்பொருள் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, தர எண் எழுதி, முத்திரையிட்டு வரும் நாணயங்களுக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்கலாம். இப்படித் தரம் பிரித்துக் கொடுக்கும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். 1986-இலும் என்.ஜி.சி. 1987-இலும் ஆரம்பித்த பிறகு இந்த வணிகமே மாறிப்போனது உண்மை. போலி பயம் பெருமளவு குறைந்தது, பார்க்காமலேயே வாங்க முடிகிறது. ஆனால் அந்த எண்ணைக் கொடுப்பவர்களும் மனிதர்கள்தான். 65-க்கும் 66-க்கும் இடையே விலை சில சமயம் பல மடங்கு தாவும். அதனால் பெட்டியை உடைத்து நாணயத்தை வெளியே எடுத்து, இந்த முறையாவது ஒரு புள்ளி கூடக் கிடைக்காதா என்று மறுபடி மறுபடி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள், சில சமயம் கிடைத்தும் விடுகிறது. அப்படியானால் ஒரே எண் எழுதிய இரண்டு பெட்டிகளில் ஒன்று அந்த எண்ணின் அடித்தட்டிலும் இன்னொன்று அடுத்த எண்ணின் வாசலிலும் இருக்கலாம். பார்வை நாளில் வியாபாரிகள் தேடுவது இந்த இரண்டாவது ரகத்தைத்தான், உங்கள் இரண்டாவது ஆள் உத்தேச விலையைத் தாண்டி ஏன் வருகிறார் என்று புரியாதபோது காரணம் இதுவாக இருக்கலாம். பெட்டியையே போலியாகச் செய்வதும் நடக்கிறது, அசல் சான்று எண்ணைத் திருடிப் போட்டுவிடுவார்கள். எண்ணை இணையத்தில் சரிபார்ப்பதோடு, அங்கே படம் இருந்தால் அதே கீறல், அதே கறை இந்த நாணயத்திலும் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

நிபுணர்களும் சறுக்குவார்கள். 1913-ஆம் ஆண்டின் சுதந்திர தேவி நிக்கல் என்ற அமெரிக்க 5 சென்ட் நாணயம் உலகில் மொத்தம் ஐந்துதான். அதில் ஒன்றை வைத்திருந்த ஜார்ஜ் வால்டன் 1962-இல் கார் விபத்தில் இறந்தபோது அது காரிலேயே இருந்தது. பிறகு பார்த்தவர்கள் தேதியை மாற்றிய போலி என்று சொல்லிக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது வருடம் அலமாரியில் கிடந்தது. 2003-இல் மற்ற நான்கோடும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் அசல் என்று ஒத்துக்கொண்டார்கள், 2013-இல் அது 31,72,500 டாலருக்கு ஏலம் போனது.

நாணயம் அசல் என்றாலே போதாது, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வழியும் வேண்டும். மேலே சொன்ன 1933 தங்க நாணயத்தையே எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 4,45,500 அடித்தார்கள், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தங்கத்தைப் புழக்கத்திலிருந்து நிறுத்தியதால் ஒன்றுகூட வெளியே விடாமல் உருக்கச் சொன்னார்கள், சில திருட்டுத்தனமாக வெளியேறின. அதில் ஒன்றை எகிப்து மன்னர் ஃபாரூக் வாங்கினார், 1944-இல் அமெரிக்க அரசே விவரம் தெரியாமல் அதற்கு ஏற்றுமதி உரிமம் கொடுத்துவிட்டது. 1996-இல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் அதைப் பறிமுதல் செய்தபோது வழக்கு சமரசத்தில் முடிந்து ஏலம் வரை வந்ததற்கு அந்த உரிமம் முக்கியக் காரணம். 2021-இல் அது மறுபடி விற்றபோது விலை 1,88,72,250 டாலர். அதே 1933 ரகத்தில் இன்னும் பத்து நாணயங்களை ஒரு குடும்பம் சோதனைக்காக நாணயச்சாலையிடம் கொடுத்தது, அரசு திருப்பித் தரவில்லை, 2016-இல் மேல்முறையீட்டிலும் அரசே வென்றது. அந்தப் பத்தையும் சட்டப்படி யாரும் வாங்கவோ விற்கவோ முடியாது. ஒரு துண்டுக் காகிதம் செய்த வித்தியாசம்.

பழங்கால நாணயங்களில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை, ஏனென்றால் பெரும்பாலானவை எங்கோ மண்ணிலிருந்து வந்தவை. ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸ் அந்தக் கொலையைக் கொண்டாடி அடித்த தங்க நாணயம் ஒன்று 2020-இல் லண்டனில் 32,40,000 பவுண்டுக்குப் போனது. பழைய சேகரிப்பிலிருந்து வந்ததாகச் சொன்ன பூர்வீகம் பொய் என்று பிறகு தெரிந்து, ஏலம் நடத்தியவர் கைதாகி, 2023-இல் நாணயம் கிரீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது, அந்த ஆண்டுக்கு முன்பே ஒரு கேட்லாக்கில் படத்தோடு வந்த நாணயத்துக்குச் சந்தையில் தனி மரியாதை. கையால் அடித்த நாணயங்களின் விளிம்பு வெடிப்பும் வடிவமும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்பதால் பழைய படத்தோடு பொருத்திப் பார்த்துவிட முடியும். பழைய கேட்லாக்குகளைப் புரட்டிக் கேட்லாக்கில் எழுதாத பூர்வீகத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், ஏலம் முடியும்வரை அதை யாரிடமும் சொல்லாதீர்கள். நாளை நீங்கள் விற்கப் போகும்போது அந்தப் பூர்வீகம் அதிக ஆட்களைக் கூட்டிவரும்.

மொத்தமாகக் கட்டி விற்கும் லாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபாரூக்கின் சேகரிப்பை 1954-இல் கெய்ரோவில் எகிப்து அரசு ஏலம் விட்டபோது விவரணை அரைகுறை, அரிய நாணயங்களைச் சாதாரணங்களோடு சேர்த்துக் கட்டுக்கட்டாக விட்டார்கள், நேரில் போய்ப் பொறுமையாகப் பார்த்தவர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்று அந்த அளவுக்கு யாரும் அசட்டையாக இல்லை. ஆனாலும் ஐம்பது நாணயக் கட்டுக்கு மூன்று நாணயத்தின் படத்தைத்தான் போடுவார்கள், திருப்பிக் கொடுக்க முடியாது என்ற நிபந்தனையும் இருக்கும், அதனால் தூரத்திலிருந்து கேட்பவர்கள் தயங்குவார்கள். ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தவருக்கு எதிரே ஆள் குறைவு.

ஏல நாள் என்பது இத்தனைக்கும் பிறகு கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுக்கிற ஏலமல்ல இது. மணிக்கு நூறு லாட்டுக்கு மேல் ஓடும், ஒரு நாணயத்தின் விதி அரை நிமிடத்தில் முடிந்துவிடும், தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தால் நீங்கள் காத்திருந்தது போயிருக்கும். விலை ஏறும் படி பொதுவாக 5 முதல் 10 சதவீதம். பின்வரிசையில் உட்காருங்கள், யார் கேட்கிறார்கள் என்று பார்க்கலாம். தெரிந்த வியாபாரி கையை இறக்கியும் விலை ஏறிக்கொண்டே இருந்தால், மிஞ்சியிருப்பது இரண்டு சேகரிப்பாளர்கள், நீங்கள் ஒதுங்கி வேடிக்கை பார்க்கலாம்.

நேரில் வர முடியாதவர்கள் தங்கள் உச்ச விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். நிறுவனம் அதைச் செலவழித்தே தீரும் என்ற பயம் பலருக்கு. நேர்மையான இடத்தில், அடுத்தவர் கேட்ட விலைக்கு ஒரு படி மேலே மட்டும்தான் உங்களுக்கு எழுதுவார்கள், ஆக இங்கேயும் நீங்கள் கொடுப்பது இரண்டாவது ஆளின் விலையைத்தான். இப்படிப்பட்ட ஏலத்தில் உண்மையான உச்ச விலையை எழுதிக் கொடுப்பதே ஒருவருக்கு லாபம் என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இலேயே கணித ரீதியாகக் காட்டினார், 1996-இல் அவருக்கு நோபல் பரிசும் அறிவித்தார்கள். இரண்டு பேர் ஒரே தொகையை எழுதியிருந்தால் முதலில் வந்தவருக்கு என்பது வழக்கம், எனவே சீக்கிரம் அனுப்புங்கள், 500, 1,000 என்று முழு எண்ணாக எழுதாமல் ஒரு படி தள்ளி எழுதுங்கள். இணையத்தில் நேரலையாகக் கேட்பவர்கள் கடைசி நொடியை நம்ப வேண்டாம், உங்கள் பொத்தான் போய்ச் சேர்வதற்குள் சுத்தியல் விழுந்திருக்கும்.

இரண்டாவது ஆளையே காணாமல் ஆக்கிவிடும் தந்திரமும் உண்டு. வியாபாரிகள் சிலர் சேர்ந்து, நாம் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டாம் என்று பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் மலிவாக எடுப்பார். பிறகு தனி அறையில் தங்களுக்குள் மறு ஏலம் விட்டு வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பிரிட்டன் இதைத் தடுக்க 1927-இலேயே தனிச் சட்டம் போட்டது. இந்தக் கூட்டணியால் நஷ்டம் விற்பவருக்கு. அதில் சேராத சேகரிப்பாளர் ஒருவர் அரங்கில் இருந்தாலே கணக்குக் கலைந்துவிடும், முறைத்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

ஜெயித்த பிறகு வரும் சந்தேகத்துக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 1971-இல் அமெரிக்க எண்ணெய்த் துறையின் மூன்று பொறியாளர்கள், எண்ணெய் வயல் ஏலத்தில் ஜெயிப்பவர்கள் ஏன் எதிர்பார்த்த லாபத்தைப் பார்ப்பதில்லை என்று எழுதினார்கள். பத்துப் பேர் மதிப்பிட்டால் சிலர் குறைவாகவும் சிலர் அதிகமாகவும் கணிப்பார்கள், ஜெயிப்பவர் பெரும்பாலும் எல்லோரையும்விட அதிகமாகக் கணித்தவர். முதலீடு என்று நினைத்து நாணயம் எடுப்பவருக்கு இது அப்படியே பொருந்தும். தன் வரிசைக்காக எடுப்பவருக்கு அந்த அளவுக்கு இல்லை, அவருக்கு அந்த நாணயத்தின் மதிப்பில் ஒரு பங்கு அவருடைய ஆசைதான், அதை மற்றவர்கள் கணிப்பு தப்பாக்க முடியாது. ஆனால் இரண்டையும் கலந்து, ஆசைப்பட்டு எடுத்துவிட்டு முதலீடு என்று வீட்டில் சொல்வது இந்தப் பொழுதுபோக்கின் பழைய வியாதி.

வாங்கியதும் லாட் எண்ணும் நாணயமும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள், பணம் கட்டக் கெடு எத்தனை நாள், போலி என்று தெரிந்தால் எத்தனை நாளில் சொல்ல வேண்டும் என்பதையும் நிபந்தனையில் குறித்துக்கொள்ளுங்கள். தர எண் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க அநேகமாக எங்கும் முடியாது.

விற்காமல் போன லாட்கள் அப்படியே மறைந்துவிடுவதில்லை. ஏலம் முடிந்த பிறகு சில நாட்கள் அவற்றை நேரடியாகக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு, பிரீமியம் அப்போதும் உண்டு. இங்கே உங்களோடு மோத யாரும் இல்லை, விற்பவர் ஒருவர்தான், அவருக்கும் நாணயம் திரும்பி வருவதில் பெரிய ஆசை இருக்காது. ஆரம்ப விலைக்குக் கொஞ்சம் கீழே கூடக் கேட்டுப் பார்க்கலாம், நிறுவனம் அவரிடம் பேசிச் சொல்லும். கேட்பதற்கு முன் பார்வை நாளில் அந்த நாணயத்துக்குப் பக்கத்தில் நீங்கள் என்ன எழுதி வைத்தீர்கள் என்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் அதைக் கையில் எடுத்துப் பார்த்த வியாபாரிகள் யாருமே கை தூக்கவில்லை என்றால், விளிம்பை இன்னொரு முறை பார்க்கக் கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.